சைகஸ் வாங்கும் முன்: ஆணா, பெண்ணா?

நர்சரிக்கு, பனை போலத் தோன்றும் அழகுச் செடியான சைகஸ் வாங்க வருகிறவர்கள் விலை கேட்பார்கள், உயரம் பார்ப்பார்கள். ஆணா பெண்ணா என்று கேட்பவர் அபூர்வம். கேட்டாலும் சின்னச் செடியில் சொல்ல முடியாது. பூவுக்குப் பதிலாக வரும் கூம்பு விட்டால்தான் தெரியும். ஆண் செடியின் நடுக்குருத்தில் நீளமாக ஒரு கூம்பு நிமிர்ந்து நிற்கும். பெண்ணில் அதே இடத்தில் பழுப்புச் சுணையோடு இறகு இறகாக ஒரு பந்து. விலக்கிப் பார்த்தால் உள்ளே ஆரஞ்சு நிற விதைகள்.

டைனோசருக்கும் முந்தைய பரம்பரை இது. எல்லாவற்றையும் தாங்கி வந்ததுதான். ஆனால் ஒரு பால் அற்றுப்போனால் வம்சம் அதோடு சரி.

அப்படி ஒன்று நடந்தேவிட்டது. 1895இல் தென்னாப்பிரிக்காவின் ஓங்கோயே காட்டுச் சரிவில் தாவரவியலாளர் ஜான் மெட்லி வுட் இந்தப் பரம்பரையில் புதிய இனம் ஒன்றைக் கண்டார்; அவர் பெயரால் அது என்செஃபலார்டஸ் வுட்டி ஆனது. ஒரே தூர், நான்கு தண்டுகள், ஆண். 1899இல் அதன் அடியில் முளைத்த குட்டி ஒன்று லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குப் போனது. 1916இல் கடைசித் தண்டையும் காட்டிலிருந்து பெயர்த்துவிட்டார்கள். இன்று உலகெங்கும் நிற்கும் என்செஃபலார்டஸ் வுட்டி எல்லாமே அந்த ஓர் ஆணின் குட்டிகள். பெண்ணைத் தேடி ட்ரோன்கூட விட்டாயிற்று, கிடைக்கவில்லை. உறவுக்கார இனத்தின் பெண்ணோடு சேர்த்துக் கலப்பினம் எடுக்கிறார்கள். நல்ல முயற்சிதான், ஆனால் அசல் ஆகாது.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் சைகஸ் சிர்சினாலிஸ் இருக்கிறது. அழிவின் விளிம்பை நோக்கிப் போகும் இனம். நாட்டு மருந்துக் கடையில் மதனகாமப்பூ என்று விற்கிறார்களே, அது பூவே அல்ல, இதன் ஆண் கூம்புச் செதில். மகரந்தம் உதிருமுன் கூம்பை அறுத்துவிட்டால் பக்கத்துப் பெண் செடி எதைக்கொண்டு விதை வைக்கும்? வீரிய மருந்து என்ற நம்பிக்கைக்காக இந்த விலை கொடுக்க வேண்டாம்.

வாங்குகிறவர்களுக்கு: ஆளுயரச் செடி மலிவாகக் கிடைத்தால் எங்கே தோண்டியது என்று விசாரியுங்கள். இது ஆமை வேகத்தில் வளர்வது. குட்டி பிரித்து நட்டால், மூலச்செடி ஆண் என்றால் குட்டியும் ஆண்தான். வரிசையாக வைப்பவர்கள் விதையில் முளைத்த கன்றுகளையும் கலந்து வையுங்கள். பெண் செடி காய்த்தால் விதைகளைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மகரந்தம் சேராதவை பெரும்பாலும் மிதக்கும். மிதப்பதையும் முற்றத்தில் வீசாதீர்கள். நாய் கடித்துத் தின்றால் கல்லீரல் கெட்டுச் சாகும் அளவுக்கு விஷம்.