செவிநடைத் தாள்

எழும்பூர் ரயில் நிலையத்தில் அறிவிப்பு வரும் விதத்தைக் கவனித்திருப்பீர்கள். முதலில் மணியொலி. சின்ன இடைவெளி. 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று குரல். அப்புறம் வண்டி எண்: ஒன்று, இரண்டு, ஆறு, மூன்று, ஏழு. பாண்டியன் எக்ஸ்பிரஸை யாரும் 'பன்னிரண்டாயிரத்து அறுநூற்று முப்பத்தேழு' என்று அறிவிப்பதில்லை. எது எப்படிக் காதில் விழ வேண்டும் என்று யோசித்து வைத்த ஒழுங்கு அது. இணையப் பக்கத்தைக் குரலில் வாசிக்கும்போதும் இப்படி ஓர் ஒழுங்கு இருக்கட்டும் என்று, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழிக்குள் கொண்டுவந்த விதிகளின் தாள்தான் 'ஆரல் ஸ்டைல் ஷீட்'. அதற்கு ஒரு தமிழ்ப் பெயர் தேடுவோம்.

'ஆரல்' என்பதன் வேர் லத்தீனின் 'ஔரிஸ்'. பொருள், காது. வாயைக் குறிக்கும் 'ஓரல்' வேறு சொல்; ஆங்கிலம் பேசுவோர் பலர் இரண்டையும் ஒரே மாதிரி உச்சரிப்பதால் குழப்பம் வருகிறது. 'ஸ்டைல்' வந்தது 'ஸ்டிலுஸ்' என்பதிலிருந்து. மெழுகுப் பலகையில் எழுதப் பயன்பட்ட கூர்முனைக் கோல் அது, நம் எழுத்தாணி போல. கருவியின் பெயர் நாளடைவில் எழுதும் விதத்துக்கு ஆகி வந்தது.

தமிழில் அந்த இடத்துக்கு 'நடை' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. உரைநடை, பேச்சுநடை என்கிறோம். இசையில் திஸ்ர நடை, கண்ட நடை என்கிறார்கள். வேகமும் நிறுத்தமும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருப்பதால், 'பாணி'யை விட 'நடை' இங்கே நன்றாகப் பொருந்துகிறது. முன்னொட்டாக 'ஒலி' போடலாமா? ஒலி என்பது வெளியே எழுவது. மூலச்சொல் சுட்டுவது கேட்பவரின் காதை. செவிவழிச் செய்தி என்பது எல்லோர் வாயிலும் புழங்கும் தொடர். இலங்கைத் தமிழில் செவிப்புலம், கட்புலம் என்று பாடசாலை வரைக்கும் வழக்கு உண்டு. ஆகவே 'செவிநடைத் தாள்' என்பதே என் தேர்வு.

இதன் பின்னணியில் இருப்பவர்களில் முக்கியமானவர் டி. வி. ராமன். புனேயில் வளர்ந்தவர், 14 வயதில் பார்வையை இழந்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994இல் முனைவர் பட்டத்துக்காக அவர் உருவாக்கிய 'ஆஸ்டர்' என்ற மென்பொருள், கணிதச் சமன்பாடுகளைக் குரலில் வாசித்தது. தன் வழிகாட்டி நாயின் பெயரையே அதற்கு வைத்தார். மேலே சிறிதாக எழுதும் அடுக்கெண் வந்தால் குரலின் சுருதியும் மேலே போகும். தாளில் உயரம் செய்யும் வேலையைக் குரலின் உயரம் செய்கிறது! செவிநடை என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் உதாரணம் இதுதான்.

1998இல் வந்த சிஎஸ்எஸ் 2 தரத்தின் 19ஆம் அத்தியாயம் முழுக்கச் செவிநடை பற்றியது. வேகத்துக்கு நிமிடத்துக்கு 80 சொல்லிலிருந்து 500 சொல் வரை படிகள், குரல் வகை, சுருதி, அழுத்தம், நிறுத்தம் எல்லாம் அதில் உண்டு. ஒலி இடமிருந்து வருகிறதா வலமிருந்தா, மேலிருந்தா கீழிருந்தா என்று கூடக் குறிக்கலாம். உரைக்கு அடையாளமாக ஒலிக்கும் சிறு ஒலியான 'கியூ' என்பதை 'முன்னொலி' என்று சொன்னால் ரயில் நிலைய மணி நினைவுக்கு வரும். ஆனால் அது உரைக்குப் பின்னும் வரலாம் என்பதால் 'குறிப்பொலி' என்பதே சரி. குரலின் ஏற்ற இறக்கத்துக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். எடுத்தல், படுத்தல், நலிதல் என்று நம் இலக்கணத்திலேயே இருக்கின்றன.

2011இல் சிஎஸ்எஸ் 2.1 இந்த அத்தியாயத்தைப் பின்னிணைப்புக்குத் தள்ளியது. நடை எந்த வகை வெளியீட்டுக்கு என்று குறிக்கும் ஊடக வகைகளில் 'ஆரல்' என்பதைக் கைவிட்டு, 'ஸ்பீச்' என்ற பெயரைப் பிற்காலப் பயனுக்கென எடுத்து வைத்தது. 2012இல் பரிந்துரைக்கான வரைவு நிலையை எட்டிய, சிஎஸ்எஸின் தனித்தொகுதி ஒன்றின் பெயரும் ஸ்பீச்தான். எண்களை இலக்கம் இலக்கமாக வாசிக்கச் சொல்லும் வசதி அதிலும் தொடர்கிறது. திசை மட்டும் இடம், வலம் என்று சுருங்கிவிட்டது. தொகுதியைப் 'பேச்சுத் தொகுதி' என்று சொல்லிக்கொள்ளலாம். குறிப்பொலியும் திசையும் பேச்சு அல்ல என்பதால், தாளின் பெயரில் செவியை நான் விடமாட்டேன்.

வருத்தம் என்னவென்றால், உலாவிகள் இதை அநேகமாகச் செயல்படுத்தவே இல்லை. திரையில் இருப்பதைப் பார்வையற்றோருக்குக் குரலில் வாசிக்கும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள், திரைக்காக உலாவி உருவாக்கிய பக்கத்தைத்தான் எடுத்து வாசிக்கின்றன. அதனால் கண்ணுக்காக எழுதிய நடை காதிலும் போய் விழுகிறது. 'டிஸ்ப்ளே: நன்' என்று மறைத்த பத்தி குரலிலும் மறைந்துவிடும். ஆப்பிளின் சஃபாரி உலாவியில் பட்டியலின் புள்ளிகளை நீக்கினால், இது பட்டியல் என்பதையே ஆப்பிளின் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவர் சொல்லாமல் விட்டுவிடுவதுண்டு. புள்ளியை அழகுக்காக எடுத்தவருக்கு, கேட்பவரிடமிருந்து எதை எடுத்தோம் என்பது தெரியாது. பத்து இலக்க அலைபேசி எண்ணைச் சேர்த்து எழுதினால் அது கோடிக்கணக்கான தொகையாக ஒலிக்கக்கூடும். இப்போதைக்கு இலக்கங்களை இடைவெளி விட்டுப் பிரித்து எழுதுங்கள். பக்கத்தை ஒருமுறை கண்ணை மூடிக் கேட்டும் பாருங்கள்.