நல்லா ஓடுற கம்ப்யூட்டரை எதுக்குங்க நோண்டணும்?

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி அலுவலகங்களின் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். சென்ற மாதம் வாடிக்கையாளர் ஒருவர் காலை ஏழு மணிக்கே அழைத்தார். அனுப்பிய சரக்குக்கான பணத்தை ஐரோப்பிய பையர் (சரக்கை வாங்குபவர்) இரண்டு வாரத்துக்கு முன்பே செலுத்திவிட்டதாகச் சொல்கிறார், இவர்கள் கணக்கிலோ ஒரு ரூபாய்கூட வரவில்லை. பையர் ஆதாரமாகத் திருப்பி அனுப்பிய மின்னஞ்சலைப் பார்த்தோம். "எங்கள் வங்கிக் கணக்கில் தணிக்கை நடப்பதால் இம்முறை கீழ்க்காணும் கணக்கில் செலுத்தவும்" என்று அதில் இருந்தது. முகவரியில் ஓர் எழுத்தை மாற்றி ஏமாற்றும் பழைய வித்தை அல்ல அது. இந்த அலுவலகத்தின் உண்மையான முகவரியிலிருந்தே போயிருந்தது. அனுப்பியதற்கான தடயம் அழிக்கப்பட்டிருந்தது. அந்தப் பையரிடமிருந்து வரும் கடிதங்களெல்லாம் யாரும் திறந்து பார்க்காத ஒரு கோப்புறைக்குத் தாமாகவே போய்ச் சேரும்படி அஞ்சல் பெட்டியில் ஒரு விதியும் எழுதி வைத்திருந்தார்கள்.

பையர்களின் ஆர்டர்களைக் கவனிக்கும் ஊழியரான மெர்ச்சண்டைசர் பயன்படுத்தும் கணினியில் உட்கார்ந்தேன். விண்டோஸ் 7, குரோம் 109, சுருக்கிய கோப்புகளைப் பிரிக்கும் வின்ரார் 5.50. எல்லாமே பழைய பதிப்புகள். இந்த மூன்று எண்களைப் பார்த்ததுமே மீதிக் கதை எனக்கு ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. டவுன்லோட்ஸ் கோப்புறையில் மூன்று வாரத்துக்கு முன் வந்த ரார் கோப்பு (சுருக்கிய கோப்பு) ஒன்று கிடந்தது. புதிய ஆர்டருக்கான ஸ்டைல் படங்கள் என்று சொல்லி யாரோ அனுப்பியது. உள்ளே ஒரு படமும், அந்தப் படத்தின் பெயரிலேயே ஒரு கோப்புறையும் இருந்தன. மெர்ச்சண்டைசர் பெண் படத்தை இரட்டைச் சொடுக்குச் செய்திருக்கிறார், படமும் திறந்திருக்கிறது. அவர் மீது குறை சொல்ல ஒன்றுமே இல்லை, ஏனென்றால் படத்தைத் திறப்பதுதான் அவருடைய வேலை. படம் திறந்த அதே நொடியில், பெயர் ஒத்த கோப்புறைக்குள் இருந்த நிரலும் ஓடியிருக்கிறது. உலாவியில் சேமித்திருந்த கடவுச்சொற்களையும், ஏற்கெனவே உள்நுழைந்த நிலையில் இருந்த மின்னஞ்சல் அமர்வையும் அது அப்படியே அள்ளிக்கொண்டு போய்விட்டது. அதனால்தான் ஓடிபி கேட்கும் ஏற்பாடு இருந்தும் அது பயன்படவில்லை.

வின்ராரின் இந்த ஓட்டையைத் திருடர்கள் 2023 ஏப்ரலிலிருந்தே பயன்படுத்தி வந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த 6.23 பதிப்பில் அது அடைக்கப்பட்டது. அடைப்பதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை, ஆகும் நேரம் இரண்டு நிமிடம்.

இதைச் சொன்னபோது முதலாளி வருத்தத்தோடு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஆறு வருசமா ஒரு தொந்தரவும் இல்லைங்க. நல்லா ஓடிட்டு இருக்கறத எதுக்குங்க நோண்டணும்னுதான் விட்டுட்டோம்."

இந்த வாக்கியத்தை இந்த ஆண்டில் மட்டும் நான்காவது முறையாகக் கேட்கிறேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நல்ல முதலாளிகளின் அனுபவத்திலிருந்து பிறந்த வாக்கியம் அது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிட்டிங் மெஷின் நன்றாக ஓடும்போது யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை, பிரித்தால்தான் கெடும். ஆனால் இயந்திரம் தேய்ந்து கெடுகிறது, கெடுவதற்கு முன் சத்தம் கொடுக்கிறது, துணியில் கோடு விழுகிறது. மென்பொருள் தேய்வதே இல்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் நிறுவிய வின்ரார் இன்றும் அன்று போலவே கோப்புகளைப் பிரிக்கும். ஒரு பிசகும் தெரியாது. மாறியது அதற்கு வெளியே இருப்பது. ஊரில் ஆயிரம் கடைகளில் ஒரே வகைப் பூட்டுத் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஹேர்பின்னால் திறக்கலாம் என்பதை ஒருவன் கண்டுபிடித்து, அந்தச் செய்தி டீக்கடை வரை வந்துவிட்டது. உங்கள் பூட்டு நேற்றுப் போலவே இன்றும் இறுக்கமாகத்தான் பூட்டிக்கொள்கிறது, துருகூட இல்லை. அதைக் காட்டி, நன்றாகத்தானே பூட்டுகிறது என்று என்னிடம் கேட்டால் நான் என்ன பதில் சொல்வது?

இதில் இன்னொரு படி இருக்கிறது, அதைத்தான் பெரும்பாலோர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அப்டேட் வந்துவிட்டது, பிறகு நிதானமாகப் போட்டுக்கொள்ளலாம், ஆபத்து தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அப்டேட் வெளிவந்த அன்றைக்குத்தான் போடாதவர்களுக்கு ஆபத்து கூடுகிறது. பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் அருகருகே வைத்து எந்த இடத்தில் திருத்தியிருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தாலே ஓட்டை எங்கே இருந்தது என்பது தெரிந்துவிடும். அதுவரை ஓரிருவருக்கு மட்டும் தெரிந்திருந்த ரகசியம் அன்று எல்லாருக்கும் பொதுவாகிறது. மைக்ரோசாப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாயன்று திருத்தங்களை வெளியிடுகிறது. மறுநாளைத் 'தாக்குதல் புதன்' என்று எங்கள் துறையில் பாதி விளையாட்டாகவும் பாதி பயத்தோடும் சொல்வதுண்டு.

2017-இல் வன்னாகிரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் உலகத்தையே உலுக்கியபோது நடந்ததும் இதுதான். அது பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது. தாக்குதல் நடந்தது மே 12. நடுவில் 59 நாட்கள். 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகள் பூட்டப்பட்டன. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையில் 236 மருத்துவமனை அறக்கட்டளைகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போயின. அங்கே பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை காலாவதியான விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் அல்ல. அன்றைக்கு முறையாகத் திருத்தங்கள் வந்துகொண்டிருந்த, ஆனால் அவற்றை யாரும் போடாமல் விட்ட விண்டோஸ் 7 கணினிகள். அவையும் மே 11-ஆம் தேதி வரை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன.

சந்தேகமான தளங்களுக்கே போவதில்லை, கண்டதையும் கிளிக் செய்வதில்லை என்று சிலர் பெருமையோடு சொல்வார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் போதாது. 2023 செப்டம்பரில் வெப்பி எனும் பட வகையைத் திறக்கும் நிரல்தொகுப்பில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் என எல்லா உலாவிகளும் அதே தொகுப்பைத்தான் பயன்படுத்தின. எல்லாமே அவசரத் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. கேடாகச் செய்த ஒரு படம் திரையில் தோன்றினாலே போதும் என்ற நிலையில், கிளிக் செய்யாமல் இருப்பவருடைய கவனம் என்ன செய்யும்?

உலாவியைப் பொறுத்தவரை நல்ல செய்தி, அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்பது. குரோம் 2023 ஆகஸ்ட் முதல் வாரந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகிறது. கெட்ட செய்தி, திருத்தம் தரவிறங்கினாலும் உலாவியை மூடித் திறந்தால்தான் அது நடைமுறைக்கு வரும் என்பது. நம் அலுவலகங்களில் உலாவியை யார் மூடுகிறார்கள்? ஜிஎஸ்டி தளம் ஒரு பக்கம், ஷிப்பிங் லைன் ஒரு பக்கம், வாட்ஸ்அப் வெப் ஒரு பக்கம் என்று நாற்பது தாவல்கள் (டேப்) தீபாவளிக்குத் திறந்தது பொங்கல் வரை அப்படியே நிற்கின்றன. மேல் வலது மூலையில் ஒரு குறி நிறம் மாறிக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். பச்சை என்றால் திருத்தம் வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, ஆரஞ்சு என்றால் நான்கு நாள், சிவப்பு என்றால் ஒரு வாரத்துக்கு மேல். நான் போகும் இடங்களில் பச்சையைக் காண்பது அரிது. மறுதொடக்கம் கொடுத்தால் தாவல்கள் அனைத்தும் அப்படியே திரும்ப வந்துவிடும், மறைநிலை (இன்காக்னிட்டோ) சாளரத்தில் இருப்பவை மட்டுமே போகும். தயவுசெய்து அதை அழுத்துங்கள்.

விண்டோஸிலும் இதே கதைதான். இரவில் 'ஷட் டவுன்' கொடுத்துவிட்டோமே என்பார்கள். பல கணினிகளில் விரைவுத் தொடக்கம் (ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்) என்ற வசதி இயங்குவதால் ஷட் டவுன் என்பது முழுமையாக அணைவதல்ல, பாதி உறக்கம். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் முழுவதும் அணைந்து புதிதாய்த் தொடங்கும். வாரம் ஒரு முறையாவது கொடுங்கள். சனிக்கிழமை மாலை கூலிப் பட்டியல் முடிந்ததும் கொடுப்பது வசதி.

தானாகப் புதுப்பித்துக்கொள்ளாத மென்பொருள்களே எனக்கு அதிகத் தலைவலி. வின்ரார் அவற்றில் முதலிடம். நாற்பது நாள் சோதனைக் காலம் என்று அது ஒவ்வொரு முறையும் நினைவூட்டுவதைப் பதினைந்து ஆண்டுகளாக மூடிக்கொண்டிருக்கும் நாம், புதிய பதிப்பை மட்டும் போய்ப் பார்ப்பதில்லை. அதனோடு சேர்ந்து வரும் துணை நிரல் கோப்பு ஒன்றில் 19 ஆண்டுகளாகக் கிடந்த வேறோர் ஓட்டை 2019-இல்தான் வெளியே தெரிந்தது. 2025 ஜூலையில் இன்னொன்று, அது 7.13 பதிப்பில் சரிசெய்யப்பட்டது. பிடிஎஃப் படிப்பான், பிரிண்டர் மென்பொருள், தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலி, டெண்டர் தளத்தில் டிஜிட்டல் கையொப்பம் போடுவதற்காக என்றோ நிறுவிய பழைய ஜாவா ஆகியவற்றையும் பாருங்கள். பயன்படுத்தாததைப் புதுப்பிக்கவே வேண்டாம், நீக்கிவிடுங்கள்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். கள்ள விண்டோஸ் போட்டுக் கொடுத்து, அப்டேட் வந்தால் ஆக்டிவேஷன் போய்விடும் என்பதற்காக அப்டேட் சேவையையே அணைத்துவிட்டுப் போகிறவர்கள் நம் ஊரில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் கேட்டால், அப்டேட் போட்டால் சிஸ்டம் ஸ்லோ ஆகும் என்று ஒரு சமாதானம். உண்மையான காரணத்தைச் சொன்னால் தமக்கு அவமானம் என்று அவர்களுக்குத் தெரியும். வந்த அன்றே அவர்களிடம் கேளுங்கள்: அப்டேட் இயங்குகிறதா, எனக்குக் காட்டுங்கள் என்று.

அப்டேட்டே கேடு செய்ததில்லையா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. செய்திருக்கிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான ஒரு புதுப்பிப்பு ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் அந்த மென்பொருள் பெரிய நிறுவனங்களில்தான் இருந்தது, அழிந்தது நேரமும் பணமும். யாருடைய கடவுச்சொல்லும் திருடுபோகவில்லை. உங்கள் அச்சத்துக்கு மரியாதை கொடுத்து ஒரு சமரசம் சொல்கிறேன். விண்டோஸின் பெரிய பதிப்பு மாற்றங்களை இரண்டு மூன்று வாரம் தள்ளிப் போடுங்கள். மாதாந்திரப் பாதுகாப்புத் திருத்தத்தையும் உலாவித் திருத்தத்தையும் தள்ளாதீர்கள். எதைச் செய்வதற்கு முன்பும் டேலி கணக்குகளின் பேக்கப்பை ஒரு பென் டிரைவில் எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். அதே கணினியின் டி டிரைவில் எடுத்து வைப்பதற்குப் பேர் பேக்கப் அல்ல.

இவ்வளவு சொன்ன பிறகு, ஒருவர் அழைத்து, நீங்கள் சொன்னபடியே குரோம் அப்டேட் செய்தேன், அதிலிருந்துதான் கோளாறு என்பார். பார்த்தால், ஏதோ ஒரு தளத்தில் 'உங்கள் உலாவி காலாவதியாகிவிட்டது' என்று வந்த பெரிய பொத்தானை அழுத்தியிருப்பார். உலாவியின் அப்டேட் ஒருபோதும் ஒரு வலைப்பக்கத்துக்குள்ளிருந்து வராது. மூன்று புள்ளி மெனு, உதவி, 'கூகுள் குரோம் பற்றி' என்ற ஒரே வழிதான். அந்தப் பக்கத்தைத் திறந்தாலே அது தானாகத் தேடிப் பார்த்துக்கொள்ளும். விண்டோஸுக்கு அமைப்புகளில் உள்ள விண்டோஸ் அப்டேட் மட்டுமே. கிராக் மென்பொருள்களோடு பரவும் ஸ்டாப் எனும் பணயத் தீநிரல், பின்னணியில் கோப்புகளைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது முன்னால் ஒரு போலி விண்டோஸ் அப்டேட் சாளரத்தைக் காட்டும். பொறுமையாகக் காத்திருப்பார் பயனாளர்.

கைபேசிக்கு அதிகம் சொல்வதற்கில்லை: அமைப்புகளில் பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதியைப் பாருங்கள். அது ஓராண்டுக்கு மேல் பழையது, புதியதும் வரவில்லை என்றால், அந்தக் கைபேசியில் வங்கிச் செயலி வேண்டாம்.

விண்டோஸ் 7-க்கான இலவசத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டன. அதில் ஓடும் கடைசிக் குரோம்தான் அந்த 109. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி காலம் முடிந்தது. வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புத் திட்டத்தை மைக்ரோசாப்ட் அறிவித்தது, அதில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பழைய கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்காது என்றால், உலாவியும் மின்னஞ்சலும் மட்டும் பார்ப்பவருக்கு லினக்ஸ் போதும்.

பணம் பறிகொடுத்த அந்த அலுவலகத்தில், இணையக் குற்றங்களுக்கான 1930 உதவி எண்ணில் புகார் கொடுக்கச் சொன்னேன், வங்கிக்கு எழுத வைத்தேன், வேறொரு சுத்தமான கணினியிலிருந்து எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றி, திறந்திருந்த அமர்வுகளை வெளியேற்றினேன். பணம் போய் இரண்டு வாரம் ஆகிவிட்டதால் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. புதுக் கணினி வந்தது. பழையதைத் தூக்கிப் போடலாம் என்றபோது மெர்ச்சண்டைசர் தயங்கினார். எம்பிராய்டரி மெஷினுக்கான டிசைன் மென்பொருள் அந்த விண்டோஸ் 7-இல் மட்டும்தான் ஓடுமாம். இருக்கட்டும் என்றேன். டிசைனை வேறு கணினியில் ஸ்கேன் செய்த பென் டிரைவில் கொண்டுபோகட்டும். நெட்வொர்க் வயரை நானே பிடுங்கி, வைஃபை அட்டையைக் கழற்றி, இரண்டையும் முதலாளியின் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டு வந்தேன்.