ஐந்து பேர் சேர்ந்தார்கள், பன்னிரண்டு பேருக்குக் கட்டணம்

நியூஜெர்சியில் மளிகைக்கடை நடத்தும் நண்பர் ஒருவர், ஊழியர்களின் மருத்துவச் செலவுத் திட்டத்தை நடத்தித் தரும் நிர்வாக நிறுவனம் அனுப்பிய கட்டண ரசீதுடன் என்னைப் பார்க்க வந்தார். கடையில் முழுநேர ஊழியர்கள் பன்னிரண்டு பேர். அந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் ஐந்து பேர்தான்; மற்றவர்களுக்குக் கணவர் அல்லது மனைவியின் வேலையிடத்துக் காப்பீடு இருக்கிறது. ரசீதிலோ ஆளுக்கு 25 டாலர் வீதம் மாதம் 300 டாலர். "ஆளுக்கு 25 என்றுதானே சொன்னார்கள்?" என்றார். ஒப்பந்தத்தைப் புரட்டினேன். ‘தகுதியுள்ள ஊழியர்’ என்று எழுதியிருந்தது. அவர் அதைச் ‘சேர்ந்த ஊழியர்’ என்று எடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு சொல்லுக்கு மாதம் 175 டாலர்.

இந்தியாவில் வேலை பார்த்தவர்களுக்கு எச்.ஆர்.ஏ. என்றால் வீட்டு வாடகைப்படி. அமெரிக்காவில் அது, நண்பரின் கடையில் உள்ளதுபோல, ஊழியரின் மருத்துவச் செலவை முதலாளி வரியில்லாமல் திருப்பித் தரும் ஏற்பாடு. அதில் இக்ரா (ICHRA) என்ற வகை 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஊழியர் தாமே வாங்கிய காப்பீட்டின் பிரீமியத்தையும் இதில் கொடுக்கலாம். தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. முழுநேர ஊழியர்கள் 50 பேருக்கும் குறைவான நிறுவனங்களுக்கு க்யூசேரா (QSEHRA) என்ற இன்னொரு வகை உண்டு. 2025இல் அதன் வரம்பு தனிநபருக்கு 6,350 டாலர், குடும்பத்துக்கு 12,800 டாலர்.

இதை நடத்த ஒரு நிர்வாக நிறுவனம் வேண்டும் என்றே நான் சொல்வேன். ஊழியருக்கு என்ன நோய், என்ன மருந்து என்பது முதலாளியின் கண்ணில் படக்கூடாது. திட்ட ஆவணம், முன்னறிவிப்புக் கடிதம், ஜூலை 31க்குள் படிவம் 720 என்ற வரிப் படிவம் என்று வேலையும் இருக்கிறது.

கட்டணத்தைத் தலைக்கணக்கில் வாங்குவதைத் தவிர, மாதத்துக்கு ஓர் அடிப்படைத் தொகை வாங்கி அதன்மேல் தலைக்கு இவ்வளவு என்பார்கள் சிலர். குறைந்தபட்சக் கட்டணம் வைத்திருந்தால் மூன்று பேர் கடைக்கும் பத்துப் பேர் கட்டணம் விழும். தொடக்கக் கட்டணம், ஆண்டுப் புதுப்பிப்பு, டெபிட் கார்டு ஆகியவற்றையும் விட்டுவிடாமல் கூட்டிப் பாருங்கள்.

எனக்கு மனம் ஒப்பாதது, ஊழியர் பணம் கேட்டு அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் இவ்வளவு என்று வாங்கும் முறை. ஊழியர் ஒவ்வொரு மருந்துச் சீட்டாக அனுப்ப அனுப்ப முதலாளிக்குச் செலவு ஏறுகிறது. "சேர்த்து வைத்து அனுப்பு" என்று அவர் சொல்லத் தொடங்குவார். கையில் பணமில்லாத ஊழியர் மாத்திரை வாங்குவதையே தள்ளிப்போடுவார். இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். திருப்பித் தரும் தொகையில் சதவீதம் என்பதும் நியாயமில்லை. 200 டாலர் ரசீதைச் சரிபார்ப்பதும் 600 டாலர் ரசீதைச் சரிபார்ப்பதும் ஒரே வேலைதான்.

நிர்வாக நிறுவனம் முன்பணம் கேட்டால் நிதானியுங்கள். இந்தத் திட்டத்தில் பணத்தை ஒதுக்கி வைக்க வேண்டிய கட்டாயமில்லை. கோரிக்கை வந்தபின் கொடுத்தால் போதும். கேட்பவர்களிடம், மீதி எப்போது திரும்பி வரும், அதன் வட்டி யாருக்கு என்று எழுத்தில் வாங்குங்கள்.

‘கட்டணமே இல்லை’ என்பவர்களுக்குப் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனத்தின் கமிஷன் வருகிறது. கமிஷன் வாங்குவது தவறில்லை. ஆனால் கமிஷன் தராத பாலிசிகளையும் உங்கள் ஊழியர்களுக்குக் காட்டுகிறார்களா? இக்ராவுக்கு ஆலோசனை சொல்லி 1,000 டாலரோ அதற்கு மேலோ வருமானம் எதிர்பார்ப்பவர் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2021இலிருந்து சட்டமே இருக்கிறது. கேட்கத் தயங்காதீர்கள்.

நண்பர் புதுப்பிப்புக்கு முன் நிர்வாக நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். ‘தகுதியுள்ள’ என்பதை அடித்து ‘சேர்ந்த’ என்று மாற்றித் தந்தார்கள். இப்போது அவர் கட்டுவது 125 டாலர்.