நீரிழிவு என்ற சொல்லுக்குள் இருப்பது

காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா, போன சித்திரையில் என் கிளினிக்குக்கு வந்தார். ராத்திரி ஐந்தாறு தடவை சிறுநீர் கழிக்க எழுகிறார். தூக்கம் கெடுகிறதே என்று, சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். உதடு வெடித்திருந்தது. விரலில் குத்திப் பார்த்தால் ரத்தச் சர்க்கரை 342.

"டீயிலகூட சக்கர போடறதில்ல டாக்டரம்மா, எனக்கு எப்படி சுகர் வரும்?"

அவரைக் குழப்பியது நோயின் பெயர்தான். சர்க்கரை நோய் என்று சொல்லிச் சொல்லி, டப்பாவில் இருக்கும் சர்க்கரை மட்டுமே காரணம் என்று ஆகிவிட்டது. தட்டு நிறையச் சாப்பிடும் சோறும் உள்ளே போய்க் குளுக்கோஸாகத்தான் மாறுகிறது. இன்சுலின் போதவில்லை, அல்லது இருந்தும் உடல் அதற்கு இணங்கவில்லை என்றால், அந்தக் குளுக்கோஸ் ரத்தத்திலேயே தேங்கிவிடும்.

நீரிழிவு என்ற சொல்லைப் பிரித்துச் சொன்னேன். இழிதல் என்றால் இறங்குதல், வழிந்தோடுதல். கேவலம் என்ற பொருள் இங்கே கிடையாது. டயாபடீஸ் என்ற கிரேக்கச் சொல்லும் ஊடே கடந்து ஓடுவதைத்தான் குறிக்கிறது. ரத்தக் குளுக்கோஸ் சுமார் 180ஐத் தாண்டினால் சிறுநீரகத்தால் முழுவதையும் மீட்க முடியாது. மிச்சம் சிறுநீரில் இறங்கும், தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். தாகம் எடுப்பது அதனால்தான். அதை அடக்கினால், அதுவும் நம் ஊர் வெயிலில், உடல் வறண்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

"அதான் பாத்ரூம்ல எறும்பு மொய்க்குதா? பினாயில் ஊத்தியும் போவல" என்றார். தேன் போன்ற சிறுநீர் என்ற பொருளில் பழைய வைத்தியர்கள் மதுமேகம் என்று பெயர் வைத்ததும் இந்த இனிப்பைப் பார்த்துத்தான்.

ஆனால் எறும்பு வரட்டும் என்று யாரும் காத்திருக்கக் கூடாது. இந்தப் பெயர்கள் எல்லாம் நோய் முற்றியபின் தெரியும் அடையாளத்தால் வந்தவை. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இரண்டு முறை வந்தாலே நீரிழிவுதான். அந்த அளவில் பெரும்பாலும் நீரும் இழியாது, தாகமும் எடுக்காது. கண்ணும் கால் நரம்பும் மட்டும் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும்.

செருப்பைக் கழற்றச் சொன்னேன். விரலிடுக்கில் மீன் முள் குத்திய புண். நான் காட்டும்வரை அவருக்கே தெரியாது. பாதம் இப்படி மரத்துப்போகப் பல வருஷம் ஆகியிருக்கும். புண்ணைக் கழுவிக் கட்டு போட்டேன். மாத்திரை எழுதினேன். அப்புறம், முப்பது தாண்டிய மகனையும் மகளையும் நாளைக் காலையிலேயே, டீகூடக் குடிக்காமல், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பச் சொன்னேன். அங்கே இந்தப் பரிசோதனைக்குக் காசு கிடையாது.