தீராக் காணிப் பிரச்சினையா?

காணி அலுவலாக என்னிடம் வருபவர்களில் பலர், கோப்பைத் திறக்கும் முன்பே "சேர், இது தீராப் பிரச்சினை" என்றுதான் தொடங்குகிறார்கள். கிளிநொச்சியில் பத்திரம் தொலைந்தாலும் தீராப் பிரச்சினை, வேலி அரை அடி நகர்ந்தாலும் தீராப் பிரச்சினை. சட்டத்தரணியாக எனக்கு இந்தச் சொல்லின் மீது கோபம் உண்டு. தீர வழியுள்ள அலுவலையும் இது கிடப்பில் போட வைத்துவிடுகிறது.

வேலித் தகராறு பெரும்பாலும் மத்தியஸ்த சபையிலேயே முடியக்கூடியது. தொலைந்த பத்திரம் அதைவிடக் கடினம்தான், ஆனாலும் வழி உண்டு. வன்னியின் குடியேற்றக் காணிகள் பல, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்ட அரச காணிகள். ஒரு தாய், 2009இல் முள்ளிவாய்க்கால் வரை கொண்டுபோய்த் திரும்பிய பத்திரத்தை என் மேசையில் விரித்தார். நான்காக மடித்த தாள், மடிப்பெல்லாம் கிழிந்து, மை ஊறிப் படர்ந்திருந்தது. காணித்துண்டு இலக்கம் இருந்த மூலையே இல்லை. தாள் அழிந்தால் உரிமை அழிந்துவிடாது. பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டில் பெயரைத் தேடலாம். அதுவும் இல்லையென்றால் பழைய வாக்காளர் இடாப்பு, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், அயல் காணிக்காரரின் சத்தியக்கடதாசி என்று சான்றுகளைச் சேர்க்க வேண்டும். அலைச்சல் அதிகம், மறுக்கவில்லை.

குடும்பங்களைப் பிரிப்பது பின்னுரித்துத்தான். பத்திரக்காரர் தமக்குப் பின் யாருக்கு என்று நியமித்து, அதைத் தாம் உயிரோடு இருக்கும்போதே பதிந்திருக்க வேண்டும். அப்படிப் பதியாமல் இறந்தால் வாழ்க்கைத்துணை ஆயுள் வரை அனுபவிக்கலாம். அதன் பின் சட்டத்தின் அட்டவணையில் உள்ள வரிசைப்படியே உரித்துப் போகும், எல்லாப் பிள்ளைகளுக்கும் தானாகப் பங்கு பிரியாது. நெடுங்காலம் அந்த வரிசையில் மகளுக்கு முன்னால் மகன் நின்றான். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அநீதியை நீக்கியது. இது தெரியாமல் இன்றும் பெண் பிள்ளைகள் ஒதுங்கி நிற்பதைக் காணும்போது மனம் பொறுக்கவில்லை. அண்ணன் முத்திரைத்தாளில் எழுதி விற்றுவிட்டார் என்பார்கள். அனுமதிப்பத்திரக் காணியை அப்படி விற்கச் சட்டத்தில் இடமில்லை.

முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்களின் நிலை வேறு. 1984இல் விரட்டப்பட்டு, போர் முடிந்த பின்னர்தான் ஊர் திரும்பினார்கள். அவர்களுடைய வயல்களுக்கு மகாவலித் திட்டத்தின் கீழ் வேறு ஆட்களுக்கும் பத்திரம் கொடுக்கப்பட்டிருந்தது. அரசு கொடுத்த இரண்டு தாள்கள், ஒரே வயல். இதைத் தீர்க்கும் அதிகாரம் கொழும்பில் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் முடிவெடுக்காமல் இருப்பதற்குத் "தீராதது" என்று பெயர் வைத்து நாமே அவர்களைத் தப்ப விடக்கூடாது.

உங்கள் தகப்பனார் பெயரில் அனுமதிப்பத்திரம் இருந்தால், பின்னுரித்து பதிவாகியிருக்கிறதா என்று இந்த வாரமே பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் கேளுங்கள். பத்திரத்தின் பிரதி, அவருடைய அடையாள அட்டை இரண்டையும் கொண்டு போங்கள். அவர் நடக்கக்கூடியவராக இருந்தால் அவரையே கூட்டிக்கொண்டு போங்கள்.