ஷிந்தோ: சொல்லும் பொருளும்

ஜப்பானியர் தம் பழைய தெய்வ வழிபாட்டுக்கு வழங்கும் பெயர் ஷிந்தோ. தெய்வம், வழி என்னும் பொருளுடைய இரண்டு சீன எழுத்துகளால் ஆனது இச்சொல்; 'தாவோ' என்று நாம் அறிந்த சீனச் சொல்லே இங்கு 'தோ' ஆயிற்று. தமக்கே உரியதென்று ஜப்பானியர் போற்றும் வழிபாட்டுக்கு இரவல் பெயர் அமைந்தது வியப்புதான். ஆனால் பௌத்தம் வரும்வரை அதற்குத் தனிப்பெயர் தேவைப்படவில்லை. 720இல் தொகுக்கப்பட்ட ஜப்பானிய வரலாற்று நூலான 'நிஹோன் ஷோகி', பேரரசர் யோமெய் புத்த தருமத்தை நம்பியதையும் தெய்வ வழியைப் போற்றியதையும் அருகருகே கூறும் இடத்தில்தான் இச்சொல் ஜப்பானில் முதன்முதலாகத் தென்படுகிறது.

முதல் எழுத்தைத் தனியே 'கமி' என்று படிப்பர் ('காமி' என்று நீட்டினால் தமிழில் பொருள் கெடும்). சூரியதேவி அமதெராசு மட்டுமல்லாமல் மலை, முதுமரம், 903இல் மறைந்த அறிஞர் மிச்சிசானே என, இயல்பை மீறிய ஆற்றலால் வணக்கத்தைத் தோற்றுவிக்கும் எதுவும் கமியே. நற்றிணையின் 'கடவுள் முதுமரம்' இதற்கு நெருங்கி வரும். உலகைப் படைத்த ஒருவனைச் சுட்டும் இன்றைய 'கடவுள்' பொருந்தாது.

இவ்வழியில் சேரும் சடங்கோ நிறுவியவரோ இல்லை. பிறந்த குழந்தையை ஊர்க்கோயிலுக்கு எடுத்துச் செல்வர். அத்தெய்வத்தின் காவலில் வாழ்பவர் 'உஜிகோ', அதாவது தெய்வத்தின் குலப்பிள்ளை, எனப்படுவார். அதே வீட்டில் இறப்புச் சடங்கைப் பெரும்பாலும் பௌத்த குரு நடத்துவார். அரசுக் கணக்கில் இருவகை வழிபாட்டினரின் கூட்டுத்தொகை மக்கள்தொகையையே மிஞ்சுவது இதனால்தான்.

ஊரோடு பிணைந்த இச்சொல்லை நாட்டோடு பிணைத்தது 1868இல் அமைந்த மெய்ஜி அரசு. கோயில்களில் கலந்திருந்த புத்த வழிபாட்டைப் பிரித்த அவ்வரசு, பேரரசர் அமதெராசுவின் வழித்தோன்றல் என்னும் தொன்மத்தை ஆட்சிக்கு அடித்தளமாக்கியது. 1889இன் அரசியலமைப்பு வரம்புக்குட்பட்ட மதச் சுதந்திரம் அளித்திருந்ததால், கோயில் வழிபாடு மதமே அன்று, குடிமக்களின் கடமை என்று அரசு வாதிட்டது. அந்த வாதத்தின் பெயரால், அன்று ஜப்பானிய ஆட்சியில் இருந்த கொரியாவின் கிறித்தவர்களும் ஜப்பானியக் கோயில்களில் தலைவணங்க வேண்டியதாயிற்று. மறுத்த பியோங்யாங் சூங்சில் கிறித்தவக் கல்விக்கூடம் 1938இல் மூடப்பட்டது. போரில் தோற்ற ஜப்பானுக்கு 1945 டிசம்பர் 15 அன்று நேசநாடுகள் இட்ட ஆணை இப்பிணைப்பை அறுத்தது.

தமிழில் 'தெய்வநெறி' என்பதே தக்கது. 'மதம்' என்னும் சொல்லில் கொள்கை முந்தி நிற்கிறது. ஷிந்தோவிலோ சடங்கும் ஒழுகலாறுமே முந்தி நிற்கின்றன. நடக்கும் பாதையையும் ஒழுகும் முறையையும் ஒருங்கே சுட்டும் 'நெறி', 'தோ'வுக்கு அப்படியே ஈடாகும். 'ஜப்பானின் தேசிய மதம்' என்று பொருள் எழுதும் அகராதிகள், மெய்ஜி அரசு தன் வாயால் சொல்ல மறுத்ததையும் சேர்த்தே சொல்லிவிடுகின்றன.