நான் எழுதவில்லை, அனுப்பினேன்

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சென்ற ஆண்டு பழுப்பு உறை ஒன்றோடு என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். உள்ளே இரண்டு பக்க வக்கீல் நோட்டீஸ். முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் ஏமாற்றுகிறார் என்ற செய்தியைத் தன் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு அவர் அனுப்பியிருந்தார். அதன் மேலே ஒரே ஒரு வரி: "வந்ததை அப்படியே பகிர்கிறேன்." பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்டிருந்தார்கள், பதினைந்து நாள் கெடுவுடன்.

"தம்பி, இதில் என் எழுத்து ஒன்றுகூட இல்லையே. எழுதியவனை விட்டுவிட்டு என்னிடம் ஏன் வருகிறார்கள்?"

எழுதியவர் யாரென்று ஒப்பந்தக்காரருக்கே தெரியாது. ஆசிரியரின் பெயரும் கதவு எண்ணும் தெரியும். நோட்டீஸ் முகவரி இருப்பவரைத் தேடித்தான் வரும்.

அவதூறு என்பது எழுதியவரோடு நின்றுவிடும் குற்றமல்ல. வெளியிட்டவரும் அதில் அடக்கம். மூன்றாவது ஆள் ஒருவர் படித்தாலே வெளியிட்டதாகிவிடும். 2024 ஜூலை 1 முதல் இது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல் (கடின வேலையில்லாத சிறை), அபராதம், இரண்டும், அல்லது சமூக சேவை.

பெரிய இடத்து உதாரணமும் உண்டு. யூடியூபர் துருவ் ராட்டியின் காணொலி ஒன்றை 2018இல் அப்போதைய தில்லி முதல்வர் அரவிந்த் கெஜ்ரிவால் மறுபகிர்வு செய்தார். அவர்மீதான அவதூறு வழக்கின் சம்மனை ரத்து செய்ய மறுத்த தில்லி உயர் நீதிமன்றம், அவதூறான பதிவை மறுபகிர்வு செய்வதும் அவதூறே என்று 2024 பிப்ரவரியில் கூறியது. மறுபகிர்வு செய்தது தவறுதான் என்று அதே மாதம் உச்ச நீதிமன்றத்தில் அவர் தரப்பு ஒப்புக்கொண்டது.

"நான்தான் மறுநாளே அழித்துவிட்டேனே" என்றார் ஆசிரியர். கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். 'எனக்கு மட்டும் நீக்கு' என்பதை அழுத்தியிருக்கிறார். அவர் திரையிலிருந்து போய்விட்டது. மற்ற எல்லோரிடமும் அப்படியே இருந்தது! முழுதாக அழித்திருந்தாலும் தப்பிவிட்டதாகச் சொல்ல முடியாது. பெண் பத்திரிகையாளர்கள் பற்றிய முகநூல் பதிவைப் பகிர்ந்த எஸ்.வி.சேகர், அதை நீக்கி மன்னிப்பும் கேட்டிருந்தார். அந்த வழக்கு வேறு பிரிவுகளில் பதிவானது. ஆனாலும் 2023இல் அதை ரத்து செய்ய மறுத்த சென்னை உயர் நீதிமன்றம், சமூக ஊடகத்தில் அனுப்பப்படும் செய்தி வில்லிலிருந்து விடுபட்ட அம்பு போன்றது என்றது.

அடுத்து ஆசிரியர் சொன்னது, என்னிடம் வழக்கோடு வரும் எல்லாக் கட்சிக்காரர்களும் சொல்வது: "அது உண்மைதானே?" குற்ற வழக்கில் உண்மை மட்டும் போதாது, அதைச் சொன்னது பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். இரண்டையும் காட்ட வேண்டியவர் சொன்னவர்தான். பணம் இழந்ததாகச் சொல்லும் எதிர்வீட்டுக்காரர் சாட்சிக்கூண்டில் ஏறுவாரா என்று கேட்டேன். ஆசிரியர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழுவின் நிர்வாகியும் மாட்டுவாரா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வெறும் நிர்வாகி என்பதற்காக மட்டும் ஒருவரை வழக்கில் சேர்க்க முடியாது என்று 2021இலேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லிவிட்டது.

பதிப்புரிமையில் கதை வேறு. தேர்த் திருவிழாவில் தான் எடுத்த படத்தை ஒரு தங்கும் விடுதியின் முகநூல் பக்கத்தில் பார்த்துவிட்டு ஓர் இளம் புகைப்படக்காரர் வந்தார். மூலையிலிருந்த அவர் பெயரை வெட்டியெடுத்துவிட்டு, கீழே "நன்றி: இணையம்" என்று போட்டிருந்தார்கள். (இணையம் என்ற பெயரில் ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.) அவர் பெயரையே போட்டிருந்தாலும் நன்றி வேறு, அனுமதி வேறு. படம் எடுத்த கணமே உரிமை பிறந்துவிடுகிறது, பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. பெயரை வெட்டியது படைப்பாளியின் தனி உரிமையிலும் கைவைப்பது. தெரிந்தே செய்தால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை. இது பிணையை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. விடுதிக்காரர் விஷயம் புரிந்ததும் கட்டணம் கொடுத்தார், பெயரையும் போட்டார்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு வித்தியாசம் இருக்கிறது. முகநூலின் பகிர்வுப் பொத்தானை அழுத்தினால் மூலப் பதிவு அதன் இடத்திலேயே, எழுதியவர் பெயரோடு இருக்கிறது. உரிமையாளர் அழித்தால் உங்கள் பக்கத்திலும் மறைந்துவிடும். பதிப்புரிமையைப் பொறுத்தவரை நகலெடுத்து ஒட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். விமர்சிக்கத் தேவையான சில வரிகளை மேற்கோள் காட்டவும் சட்டம் இடம் தருகிறது. அவதூறில் அந்தப் பொத்தான் உங்களைக் காப்பாற்றாது. அங்கே எப்படிப் பரப்பினீர்கள் என்பதைவிட, பரப்பினீர்களா என்பதே கேள்வி. "பாருங்கள் இந்த அயோக்கியனை" என்று உங்கள் பங்குக்கு ஒரு வரி சேர்த்தால், எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பாதி வேலை மிச்சம்.

ஆசிரியருக்கு என்ன செய்தோம்? சரிபார்க்காமல் அனுப்பியதற்கு வருத்தம் தெரிவித்து, நான்கு வரியில், அதே குழுவில் பதிவிடச் சொன்னேன். நோட்டீஸுக்குப் பதிலும் அனுப்பினோம். எதிர்த்தரப்பிலிருந்து இன்றுவரை சத்தமில்லை. இழப்பீட்டு வழக்குப் போட ஓராண்டு, குற்ற வழக்குக்கு மூன்று ஆண்டு காலவரம்பு. ஓராண்டு முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அவருடைய கோப்பு என் அலமாரியின் கீழ்த் தட்டில், ஒப்புகை அட்டையோடு, அப்படியே இருக்கிறது.